பலகையாரும் முப்பது முட்டையும்

நாமக்கல் மாவட்டத்தில் பலகையாரைப் போல விதவிதமாகக் கீழே விழுந்த மனிதர் இன்னொருவர் கிடையாது என்று கற்பூரம் அடித்துச் சொல்வேன். வழுக்கி விழுவது, தடுக்கி விழுவது எல்லாம் நீங்களும் நானும் விழுகிற சாதாரண விழுதல். பலகையார் விழுந்தால் அதில் வேலைப்பாடு இருக்கும். குப்புற விழ ஆரம்பித்து, நடுவில் மனம் மாறி மல்லாந்து, கடைசியில் யாரையோ கும்பிடுகிற வாக்கில் போய் முடிவார். அப்புறம் எழுந்து, தலையில் இருக்கும் மஞ்சள் ஹெல்மெட்டை நேராக வைத்துக்கொண்டு, "பின்னாடி டயர்ல காத்து எச்சுங்க டீச்சர்" என்பார். டயரைக் குற்றம் சொல்வார், கல்லைக் குற்றம் சொல்வார், ஆட்டைக்கூடக் குற்றம் சொல்வார். தன்னைத் தவிர எல்லாரையும் சந்தேகப்படுவார்.

டீச்சர் என்றது என்னைத்தான். ராசிபுரம் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு பிசிக்ஸ் எடுக்கிறேன். போன வருஷம் வரை நானும் என் கணவரும் பலகையார் வீட்டு மாடியில் குடியிருந்தோம். கீழே பலகையாரும் அவர் மனைவி ராஜாமணி அக்காவும். வீட்டுக்குப் பின்னால் அக்காவின் கோழிப்பண்ணை, நீளநீளமாக மூன்று ஷெட். ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கரடு. கரடு என்றால் மலையாக ஆசைப்பட்டுப் பாதியில் கைவிட்ட பாறைமேடு, எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஒன்று உண்டு. அதன் உச்சியிலிருந்து ஷெட் வாசல் வரை ஒரு மண்தடம் இறங்கும். சரளைக்கல், ஆட்டுப்புழுக்கை, மழை அறுத்த பள்ளம், இரண்டு வளைவு, நடுவில் ஒரு வேப்பமரத்து வேர். அவர் விழுந்ததெல்லாம் இந்தத் தடத்தில்தான்.

பலகையாருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் கரண்ட் பில்லில் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விலாசம் கேட்டால் ஊரில் உதட்டைப் பிதுக்குவார்கள். "மேலெல்லாம் பிளாஸ்திரி போட்டிருப்பாரே" என்றால், "அட, பலகையாரூடுங்களா?" என்று வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள்.

முப்பது வருஷம் அவர் ரிக் லாரி ஓட்டியவர். போர் போடுகிற அந்த வண்டியோடு இந்தியா முழுக்கச் சுற்றி, பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை என்று வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போனவர். ஐம்பத்தைந்தாவது வயதில் போதும் என்று திரும்பி வந்துவிட்டார். வந்தவருக்கு வீட்டில் ஒரு வேலையும் இல்லை. பண்ணையை அக்கா ஒற்றை ஆளாக வளர்த்து வைத்திருந்தாள். அவர் ஷெட்டுக்குள் போனால் கோழிகளே திரும்பிப் பார்த்து யார் என்று கேட்கும். காலையில் பேப்பர், மத்தியானம் டிவி, சாயங்காலம் வாசலில் நின்று போகிற வருகிற லாரிகளின் டயரைப் பார்த்துப் பெருமூச்சு என்று ஒரு மாதம் ஓட்டினார்.

அப்புறம் ஒரு நாள் மாடிப்படி ஏறி வந்தார்.

"ஏனுங் டீச்சர், ஒரு டவுட்டுங்க."

"சொல்லுங்கண்ணா."

"ஹிமாச்சல்ல போர் போட்டுட்டு இருக்கறப்ப ஒருத்தனைப் பாத்தனுங்க. எதுத்தாப்பல மலை. அதுல ஒரு பலகை மேல நின்னுக்கிட்டே எறங்கி வாரானுங்க. பலகைக்கு அடியில குட்டிக் குட்டியா காத்து டயர் நாலு. எஞ்சின் இல்லை, ஸ்டியரிங் இல்லை. புல்லு, கல்லு, பள்ளம் எதையும் பாக்கலீங்க. அவன் பாட்டுக்கு வாரான், அவன் பாட்டுக்குத் திரும்பறான். அது என்ன கணக்குங்க?"

ரோட்டில் ஓடும் ஸ்கேட்போர்டுக்குப் பெரியப்பா முறை அது, காட்டிலும் மேட்டிலும் ஓடுவதற்கென்றே செய்வது என்று போனில் படம் காட்டினேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி டயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருசம் உக்காந்தே போயிட்டனுங்க டீச்சர். ராஜஸ்தான் போனேன், உக்காந்து போனேன். ஒடிசா போனேன், உக்காந்து போனேன். ஒருக்கா நின்னுக்கிட்டுப் போகோணும்."

"அதுக்கு ராசிபுரம் டவுன் பஸ்ல ஏறினா போதுமே அண்ணா."

"அது நிக்கறதுங்களா? நசுங்கறதுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமே சேலத்துக்குப் போய் விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு ஸ்கேட்போர்டு வாங்கி வந்தார். சின்னச் சின்னக் கெட்டிச் சக்கரம் வைத்த, சிமெண்ட் தரையில் ஓடுகிற பலகை. கடைக்காரர் எந்த வயதுப் பையனுக்கு என்று கேட்டாராம். பலகையார் அதைக் கரட்டின் மேல் கொண்டுபோய் வைத்து ஏறினார். மூன்றாவது கஜத்தில் ஒரு சுண்டைக்காய் அளவு கல் வந்தது. பலகை கல்லுக்கு மரியாதை கொடுத்து அப்படியே நின்றது.

மாடியிலிருந்து பார்த்த நான் இறங்கி ஓடினேன். "என்னாச்சுண்ணா?"

"பலகை நின்னுருச்சுங்க. நான்தான் நிக்கலை."

இதில் அவர் கற்ற பாடம், சக்கரம் பெரிதாக இருக்க வேண்டும், காற்றடைத்ததாக இருக்க வேண்டும் என்பது. சரியான பாடம்தான். ஆனால் அந்தப் பாடத்தைத் தூக்கிக்கொண்டு அவர் போனது திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கு பாடி கட்டும் ஒரு பட்டறைக்கு. பட்டறைக்காரர் அவருக்கு முப்பது வருஷப் பழக்கம். பலகை என்றதும் அந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை டன்னு தாங்கோணும்?"

பத்து நாளில் வந்து இறங்கியது பாருங்கள் ஒரு பலகை! லாரிக்குப் போடும் இரும்புச் சேனலில் சட்டம். அதன் மேல் லாரி தளத்துக்குப் போடும் கட்டை. கீழே முன்னுக்கு நாலு, பின்னுக்கு நாலு என்று எட்டு ஸ்பிரிங் பட்டை. தள்ளுவண்டி டயர் நாலு, தட்டினால் கல் மாதிரி சத்தம் வருகிற அளவுக்குக் காற்று. பின்பக்கம் மஞ்சளும் கறுப்புமாகக் கோடு, சிவப்பு ரிஃப்ளெக்டர், இரண்டு மட்கார்டு. முன்பக்கம் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும். ஹாரன் அடிக்கவும் என்று எழுதிவிட்டு, ஹாரன் எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டிருந்தார்கள். பண்ணை ஆட்கள் நாலு பேர் சப்பரம் தூக்குவது போலத் தோள்கொடுத்து அதைக் கரட்டுக்கு மேலே கொண்டுபோனார்கள்.

அது புறப்பட்டது. கல்லுக்கு நிற்கவில்லை, பள்ளத்துக்கு நிற்கவில்லை, வேருக்கும் நிற்கவில்லை. முதல் வளைவு வந்தது. தடம் இடது பக்கம் திரும்பியது. பலகையார் நேராகப் போனார். நேராகப் போனால் அங்கே கோழி எரு கொட்டி வைத்த அம்பாரம். அன்றைக்கு ராஜாமணி அக்கா அவரை வீட்டுக்குள் விடாமல் வாசலிலேயே நிறுத்தி ஹோஸ் பைப்பால் குளிப்பாட்டினாள்.

"திரும்பறதுக்கு ஒரு பக்கமா சாஞ்சீங்களாண்ணா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

"நான் சாஞ்சனுங்க. பலகை சாயலை. எப்படிச் சாயும்? சாயக்கூடாதுன்னுதானே எட்டுப் பட்டை போட்டிருக்குது!"

இங்கேதான் விஷயம் இருந்தது. எனக்கு அப்போது புரிந்தது, அவருக்குப் புரிய இன்னும் இரண்டு பலகை ஆயிற்று. லாரி பாடி கட்டுகிறவர்களின் மொத்த வித்தையும் வண்டி சாயாமல் இருப்பதற்காக. பலகையின் மொத்த வித்தையும் சாய்வதில்.

அடுத்தது இரண்டு சக்கரப் பலகை. போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து, முன்னால் ஒரு சைக்கிள் வீல், பின்னால் ஒரு சைக்கிள் வீல், நடுவில் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்வாக ஒரு பலகை வைத்து வெல்டிங் அடித்துக் கொண்டுவந்தார். உலகத்தில் அப்படியும் ஒரு ஜாதி உண்டு. அதில் பெரிய சக்கரம் என்பதால் பள்ளம் மேடு தெரியாது, சாய்ந்தால் அழகாகத் திரும்பும். ஆனால் நின்றால் விழும், ஓடினால்தான் நிற்கும். பிரேக்குக்குப் பின்சக்கரத்தில் ஒரு மட்டை, அதை இழுக்க ஒரு கயிறு. இரண்டு வளைவும் திரும்பி, வேரைத் தாண்டி, வாயெல்லாம் பல்லாக வந்தார். ஷெட் வாசலில் கயிற்றை இழுத்தார். கயிறு கையோடு வந்துவிட்டது.

முதல் ஷெட்டின் கதவு திறந்திருந்தது. இந்த வாசல் வழியாக உள்ளே போனவர், அந்த வாசல் வழியாக வெளியே வந்தார். உள்ளே இரண்டு பக்கமும் கூண்டு, நடுவில் நடைபாதை, அதில் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒருவர் "ஒதுங்கு, ஒதுங்கு" என்று கத்திக்கொண்டு பறக்கிறார். கூண்டில் இருக்கிற கோழி எங்கே ஒதுங்கும்? அத்தனையும் ஒரே நேரத்தில் போட்ட கூச்சல் பக்கத்து ஊர் வரை கேட்டதாகச் சொல்கிறார்கள்.

பயந்த கோழி முட்டை இடாது. கோழிப்பண்ணைக்காரர்கள் பட்டாசுக்கே பயப்படுவார்கள், தீபாவளி வந்தால் ஷெட்டுக்குப் படுதா கட்டுவார்கள். அந்த ஷெட்டில் இரண்டு நாள் முட்டை பாதியாகிவிட்டது. மூன்றாம் நாள் அக்கா பஞ்சாயத்தைக் கூட்டினாள். பஞ்சாயத்து என்றால் அவளும் அவரும், சாட்சிக்கு நானும்.

"ஏனுங்க, இந்தக் கெரகத்தை உடறீங்களா இல்லையா?"

"உடமாட்டேன் புள்ள."

"அப்பக் கேட்டுக்கங்க. நாளைக்குப் புரட்டாசி பொறக்குது. சனம் முட்டை திங்காது. முட்டை தேங்கித்தான் கெடக்கும். தினம் ஒரு அட்டை முட்டை தாரேன். ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு மேல இருந்து இங்க வரைக்கும் உங்க பலகையில வாங்க. புரட்டாசி முடியறதுக்குள்ள ஒரு நாளாச்சும் முப்பது முட்டையும் கீறாம வந்து சேந்தீங்கன்னா, வெச்சு ஓட்டிக்கங்க, நான் ஒண்ணுஞ் சொல்லலை. இல்லீன்னா ஐப்பசி ஒண்ணாந்தேதி அத்தனையும் பழைய இரும்புக்கு."

பலகையாருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பலகை போச்சுன்னா நானும் போயிருவேன். ரிக்குக்கு ஆள் இல்லீன்னு ஓனரு தினம் போன் பண்றாரு. மறுபடி வண்டி ஏறிருவேன், பாத்துக்க."

"ஏறுங்க. ஆரு புடிச்சா?" என்று அக்கா ஷெட்டுக்குள் போய்விட்டாள்.

இப்படியாகப் புரட்டாசி பிறந்தது. பெருமாளை நினைத்து ஊரே முட்டையையும் கறியையும் விட்டுவிடும் மாதம். கோழிகளுக்கு அது தெரியாது, அவை பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். தெருவில் அந்த மாதம் முட்டை சாப்பிடுகிற ஒரே குடும்பம் நாங்கள்தான். ஆகவே தினமும் காலையில் பலகையார் விழுந்து எழுந்ததும், உடைந்த முட்டைகளெல்லாம் ஒரு தூக்குப்போசியில் வடிந்து, மண் வடிகட்டி, மாடி ஏறி எங்கள் வீட்டுக்கு வரும்.

முதல் நாள் முப்பது. ஆம்லெட், பொடிமாஸ், முட்டைக் குழம்பு. இரண்டாம் நாள் இருபத்தெட்டு. முட்டை தோசை, முட்டைப் பரோட்டா. மூன்றாம் நாள் என் கணவர் தட்டைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எந்த வளைவுல?" என்று கேட்டார். ஒரு வாரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே கேக் கடை வாசனை வந்தது. பத்தாம் நாள் கையெடுத்துக் கும்பிட்டு, "நீ பிசிக்ஸ் டீச்சர்தானே? அந்த மனுஷனுக்கு ஏதாவது பண்ணு" என்றார்.

நான் முதலில் அதில் தலையிடாமல்தான் இருந்தேன். அதற்குள் பலகையார் சக்கரமே வேண்டாம் என்று பண்ணையின் பழைய தீவன பெல்ட்டை எடுத்து, பீரங்கி வண்டி மாதிரி பட்டை ஓடுகிற பலகை ஒன்று செய்திருந்தார். அது எதற்கும் அசையாது. முட்டைக்கும் பழுது வராது. ஆனால் கரட்டில் இறங்கவும் இறங்காது. மேலே நின்ற இடத்திலேயே முட்டை அட்டையோடு அரை மணி நேரம் நின்றார். ஆடு மேய்க்கிறவர் சாமி என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவரை மாடிக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரு முட்டை அட்டையின் அடியில் இரண்டு பென்சிலை அச்சு மாதிரி கட்டிக் காட்டினேன்.

"பாருங்கண்ணா. அச்சை நேரா இறுக்கிப் பூட்டுனா அது லாரி. அதையே சாய்வா ஒரு போல்ட்டுல, ஆடற மாதிரி பூட்டுனா, நீங்க இடது பக்கம் சாயறப்ப முன் அச்சு இடது பக்கம் திரும்பும், பின் அச்சு எதிர்ப்பக்கம் திரும்பும். பலகை தானா வளையும். ஸ்டியரிங் உங்க கால்ல இருக்கு."

"சாயறதுக்குன்னு ஒரு வண்டிங்களா?"

"சாஞ்சாத்தான் வண்டி."

அவர் பென்சிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரிக்கு சாயக்கூடாதுங்க டீச்சர். அவ்வளவு ஒசரம், அவ்வளவு இரும்பு. சாஞ்சா ஆளு காலி. ரெண்டு பேரை அப்படிப் பாத்திருக்கறனுங்க. முப்பது வருசமா வண்டி லேசா சாஞ்சாலே எங்காலு தானா பிரேக்குக்குப் போயிருமுங்க."

அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சிரிக்க வந்த நான் சிரிக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

மறுநாளே பட்டறைக்குப் போய்விட்டார். அப்புறம் எங்கள் மாடி பட்டறையின் கிளை ஆபீசாகிவிட்டது. அச்சு ஆடி ஆடித் திரும்பவும் நேராக வருவதற்கு ஏதாவது வேண்டும். லாரியில் போடுகிற மாதிரி ரப்பர் புஷ் என்கிற தடித்த வளையம் வைப்பதா, சுருள் ஸ்பிரிங் வைப்பதா என்று இரண்டு நாள் விவாதம். புஷ் வைத்தது சிமெண்ட் தளத்தில் வெண்ணெயாக ஓடியது, கரட்டில் பல்லெல்லாம் ஆடியது. ஸ்பிரிங் வைத்தது கல்லில் மெத்தை மாதிரி வந்தது. ஸ்பிரிங்கை இறுக்கினால் வேகத்தில் ஆடாது, ஆனால் திரும்ப மனசு வராது. தளர்த்தினால் கண் ஜாடைக்கே திரும்பும், வேகம் எடுத்தால் வெடவெடக்கும். தன் எடைக்கு எத்தனை சுற்று என்று ஒவ்வொரு சுற்றாகத் திருகிப் பார்த்தார். காலைக் கட்டிப்போட சீட் பெல்ட்டில் வார் தைத்தார். வார் இல்லாவிட்டால் பலகை ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் விழுந்தார்கள், வார் போட்ட பிறகு இருவரும் ஒன்றாக விழுந்தார்கள். லாரிக் கட்டைக்குப் பதிலாக மெல்லிய மூங்கில் பட்டைகளை அடுக்கி ஒட்டி, நடுவில் லேசாக வளைந்து கொடுக்கிற பலகை. நாற்பது கிலோ லாரிப் பலகை இப்போது ஏழு கிலோ ஆகியிருந்தது. பட்டறைக்காரர் இதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஆளு ஏறுனா தாங்குமா?" என்று வருத்தப்பட்டாராம்.

டயரில் காற்றைக் குறைக்கச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது. காற்றுக் குறைந்த டயரோடு கிளம்புவது அவருக்குச் சட்டை இல்லாமல் கல்யாணத்துக்குப் போவது மாதிரி. "முட்டைக்காக எறக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டு வால்வை அமுக்கினார்.

உடைந்த முட்டைகள் பதினைந்தாயின, எட்டாயின, நாலாயின. ஒரு நாள் இரண்டே இரண்டு. அக்கா சூரிய வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, இரண்டிரண்டாக மெல்லத் தட்டிச் சத்தம் கேட்டு, மயிரிழைக் கீறலைக்கூட விடமாட்டாள். "இங்க பாருங்க, கீறல். எடுங்க போசியை." முட்டை விஷயத்தில் அவளிடம் தாட்சணியமே கிடையாது. புருஷன், பெருமாள், வியாபாரி எல்லாரும் அவளுக்கு ஒன்றுதான்.

இதற்கு நடுவில் ரிக் ஓனரின் போன் வந்துகொண்டே இருந்தது. பலகையார் வாசலில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஐப்பசி ஒண்ணாந்தேதி சொல்றனுங்க" என்பார். அக்கா காதில் விழாத மாதிரி தீவனம் அள்ளிக்கொண்டிருப்பாள். கடைசி நாளுக்கு முதல் நாள் பலகையாரின் பழைய தோல்பை கொடியில் காய்ந்தது. அவராகத்தான் எடுத்துத் துடைத்துப் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

புரட்டாசிக் கடைசி நாள். பண்ணை ஆட்கள், தீவன லாரி டிரைவர், ஆடு மேய்ப்பவர், லீவு போட்டுவிட்டு வந்த என் கணவர் எல்லாரும் தடத்தின் ஓரம் நின்றோம். அக்கா ஷெட்டிலிருந்து தன் கையாலேயே அட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "பாத்து வாங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் பலகையைத் தோளிலும் அட்டையைக் கையிலும் வைத்துக்கொண்டு ஏறினார்.

மேலிருந்து கிளம்பினார். கைகள் இரண்டும் முட்டைக்கு. பிரேக் பிடிக்கக் கை கிடையாது. முதல் வளைவு வந்தது. பலகையார் சாய்ந்தார். முழங்கால் மடங்கி, இடுப்பு இறங்கி, மொத்த உடம்பும் இடது பக்கம் சாய்ந்தது. அட்டை மட்டும் தண்ணீர் மட்டம் பார்த்த மாதிரி நேராக இருந்தது. பலகை வளைந்தது. இரண்டாவது வளைவு, வலது பக்கம் சாய்ந்தார். அதுவும் வளைந்தது. வேர் வந்தது. நாலு சக்கரமும் தரையை விட்டு எழும்பின. என் கணவர் என் கையை நசுக்கினார். "பெருமாளே, ஒண்ணுகூட உடையக் கூடாது" என்று அவர் வேண்டிக்கொண்டதற்குக் காரணம் பக்தி இல்லை. பலகை பொத்தென்று இறங்கியது, ஸ்பிரிங் அமுங்கி எழுந்தது, அவர் நின்றுகொண்டிருந்தார்.

கடைசி நேர்த்தடம். நேர் எதிரே அக்கா நின்றிருந்தாள். நாங்கள் எல்லாரும் "ஒதுங்குங்க" என்று கத்தினோம். அவள் ஒதுங்கவில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். பலகையார் கடைசியாக ஒரு சாய்வு சாய்ந்தார், அவர் முதுகு தரையைத் தொட்டுவிடும் போல இருந்தது. பலகை தடத்துக்குக் குறுக்கே திரும்பி, சரளைக்கல்லெல்லாம் தெறிக்க, அக்காவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. முட்டை அட்டை அவர் கையிலிருந்து அவள் கைக்குப் போயிற்று. அப்புறம்தான் விழுந்தார். காலில் வார் கட்டியிருப்பதை மறந்து இறங்கப் பார்த்தார், அவ்வளவுதான்.

மண்ணில் கிடந்தபடியே கேட்டார்: "எத்தனை போச்சு?"

அக்கா அட்டையை ஒரு தடவை மேலாகப் பார்த்தாள். வெளிச்சத்தில் தூக்கவில்லை, தட்டிப் பார்க்கவில்லை. "முப்பதும் நல்லா இருக்குது" என்றாள்.

தீவன லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கோழிகள் அலறின. அதற்கு அக்கா அன்று ஒருவரையும் திட்டவில்லை. பலகையார் எழுந்து, அட்டையிலிருந்து ஒரு முட்டையை எடுத்து என்னிடம் நீட்டினார். "கெலிச்ச முட்டைங்க. மொதல்ல டீச்சருக்கு."

"அது வேண்டாங்க, டீச்சருக்கு நான் வேற நல்ல முட்டையாத் தாரேன்" என்று அக்கா அவசரமாகக் கையை நீட்டினாள்.

"இதை உட நல்ல முட்டை ஏது புள்ள?" என்று அவர் அதை என் கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

மாடிக்கு வந்ததும் அந்த முட்டையை மேஜையில் வைத்துச் சுற்றிவிட்டேன். பச்சை முட்டை என்றால் தள்ளாடித் தள்ளாடி நின்றுவிடும். இது பம்பரமாகச் சுற்றியது. வருஷா வருஷம் வகுப்பில் நான் செய்து காட்டுகிற வித்தைதான். சந்தேகமே இல்லை, அவித்த முட்டை.

பின்னாலேயே மூச்சிரைக்க அக்கா வந்து நின்றாள். சுற்றுகிற முட்டையைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுபோச்சா சாமி?"

"முப்பதுமாக்கா?"

"முப்பதும். காலைல அவரு எந்திரிக்கறதுக்கு முன்னாலயே அவிச்சு ஆறவெச்சுட்டேன். கீறுனாலும் வழியாதில்ல, மேலாப்பல பாத்துட்டு நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போடலாம்னுதான்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முப்பது வருசம் அவரு எந்த ஊர்ல இருக்கறாருன்னு போன்லதான் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். இந்தக் கொஞ்ச நாளாத்தான் உழுந்தாலும் எந்திரிச்சாலும் கண்ணு முன்னால இருக்கறாரு. பலகையைப் போட்டுட்டுப் பையைத் தூக்குனா நான் என்ன பண்றது? கம்முனு இரு சாமி. அவருகிட்டச் சொல்லிராத."

"அக்கா, முட்டையை அவிச்சாலும் ஓடு அதே ஓடுதான். கீறறதுன்னா கீறத்தான் செய்யும்" என்றேன். முட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் நாலா பக்கமும் திருப்பிக் காட்டினேன். "பாருங்க. ஒரு கீறல் இருக்கா?"

அவள் வாங்கிப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். கீழே ஓடிப்போய் மிச்சம் இருபத்தொன்பதையும் அட்டையோடு தூக்கிக்கொண்டு வந்தாள். என் சமையலறை ஜன்னலில் நின்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தாள். கடைசி முட்டையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தபோது அவள் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது.

"அப்ப நெசமாலுமே கெலிச்சுட்டாருங்களா?"

"நெசமாலுமே கெலிச்சுட்டாருக்கா."

ஜன்னலுக்கு வெளியே, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மனிதர் மறுபடியும் கரட்டில் ஏறிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கையில் முட்டை இல்லை, கீழே நின்று பார்க்க ஆளும் இல்லை. அவரே அவருக்காக ஏறினார். இனி ஜென்மத்துக்கும் முட்டையைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த நான், அந்த முட்டையை உரித்து மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டேன். அக்கா, "எனக்கு நாளைக்குத்தான் சாமி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அவர் மேலே போய்ச் சேர்ந்து, வாரை மாட்டி, ஹெல்மெட்டைச் சரி செய்து, கிளம்பிக் கீழே வருகிற வரைக்கும் நாங்கள் இருவரும் அங்கிருந்து நகரவில்லை.

விழுந்தால் என்ன, விழாவிட்டால் என்ன, அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.